‘நெட் போயிடுச்சு டீச்சர்!’

(வேதாரண்யம் வட்டாரத்தில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தின் முடிவில் ஒரு தலைமையாசிரியர் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். “எங்கள் பள்ளியில் நெட் இருக்கிறது. ஒருவர் பார்த்தால் ஓடுகிறது, பத்துப் பேர் பார்த்தால் படுத்துக்கொள்கிறது” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அதே பிரச்சினை இருந்தது. அதைப் பற்றி இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் கணினி ஆசிரியர் அல்ல, பி.எட். முடித்த அறிவியல் ஆசிரியர். ஆனால் இதே நோய் என் வீட்டு ரவுட்டருக்கு வந்தது. நம் ஊரில் மோடம் என்றும் வைஃபை பாக்ஸ் என்றும் சொல்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் ஓர் ஆசிரியர் செய்யக் கூடாத தவறு ஒன்றையும் செய்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

திண்ணையில் ஐந்து பேர்

2021 ஆகஸ்ட் மாதம். கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குச் செப்டம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளி திறந்தது. அதுவரை நான் வீட்டிலிருந்தே பாடம் நடத்தி, கைபேசியில் வீடியோவாகப் பதிவு செய்து, மாணவர் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். என் மகளுக்குக் கல்லூரி வகுப்பும் இணைய வழியில்தான் நடந்தது.

எங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு வீட்டில் இணைய வசதி இல்லை. மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து இடைவெளி விட்டு உட்கார்ந்து, எங்கள் வைஃபையில் பாடம் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவன் பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அண்ணனுடைய பழைய கைபேசியை வாங்கிக்கொண்டு கடைசியாக, ஆறரை மணிக்குத்தான் வருவான்.

அவன் வந்து பத்து நிமிடத்தில், “நெட் போயிடுச்சு டீச்சர்!” என்று திண்ணையிலிருந்து குரல் வரும். உள்ளே மகள் வகுப்பிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருப்பாள். ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் வரும், மறுபடி போகும். இப்படி நான்கு நாள் நடந்தது.

ஐந்தாம் நாள் நான் திண்ணைக்குப் போய், மற்ற நான்கு பேர் முன்னாலேயே அவனிடம் சொன்னேன்: “தம்பி, நீ கனெக்ட் பண்ணினாதான் நெட் நிக்குது. பாடத்தைத் தவிர வேற எதையோ பார்க்கிற.” அவன் மறுத்துப் பேசவில்லை. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அவன் வரவில்லை. ஆறு நாற்பதுக்கு நெட் போயிற்று.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவள், என் வீட்டுத் திண்ணையில் அதைச் செய்யவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் கரையைக் கடந்தபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போது யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சாய்ந்த கம்பம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வைஃபை விஷயத்தில் சாய்ந்தது எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் நான் கண்ணுக்குத் தெரிந்த ஒரு பையனைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நோட்டும் ஐந்து கட்டங்களும்

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து ஐந்து கட்டம் போட்டேன். எத்தனை மணிக்கு நின்றது? அப்போது எத்தனை கருவிகள் இணைந்திருந்தன? ரவுட்டரின் விளக்குகள் எப்படி இருந்தன? எல்லோருக்கும் நின்றதா, சிலருக்கு மட்டுமா? தானாக வந்ததா, நாம் அணைத்துப் போட்டதால் வந்ததா? ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும் எடுத்தேன். மகளும் உதவினாள்.

வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். நாங்கள் ‘நெட் போயிடுச்சு’ என்று ஒரே பேரில் சொன்னது மூன்று வேறு வேறு கோளாறுகள். மூன்றும் ஆள் கூடும் நேரத்தில்தான் வந்தன. காய்ச்சல் என்பது ஒரே சொல்தான், அதற்குள் எத்தனை நோய்! அதுபோலத்தான் இதுவும்.

முதல் வகை: விளக்குகள் எல்லாம் அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரியும். அதாவது ரவுட்டரே ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது.

இதற்குப் பெரும்பாலும் மின்சாரம்தான் காரணம். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் பழைய அடாப்டர் முந்தைய மழைக்காலத்து இடியில் போய்விட, வீட்டில் கிடந்த வேறொன்றைச் செருகியிருந்தோம். அதில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டு பேர் பயன்படுத்தும்போது அது தாங்கியது. ஏழெட்டுக் கருவிகள் சேர்ந்து ரவுட்டருக்கு வேலை கூடும்போது அது இழுக்கும் மின்னோட்டமும் கூடும், அடாப்டரால் கொடுக்க முடியாது, மின்னழுத்தம் இறங்கும், பெட்டி அணைந்து மீண்டும் தொடங்கும். சரியான அடாப்டர் வாங்கிப் போட்டதும் இந்த வகை நின்றது. அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையில் கூட்டல், கழித்தல் குறி எந்தப் பக்கம் என்பதையும் பொருத்திப் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, உப்புக்காற்று. சைக்கிள் செயினை அரிக்கும் காற்று அடாப்டர் முனையையும் கம்பி முனையையும் விட்டுவைக்காது. பச்சை பிடித்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள், மிகவும் அரித்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு, சூடு. தூசி படக் கூடாது என்று ரவுட்டருக்குப் பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருந்தேன். சூடு வெளியேறும் துளைகளை எல்லாம் அது மூடியிருந்தது. உறையை அன்றே கழற்றினேன்.

இரண்டாம் வகை: உள்ளே இருப்பவர்களுக்கு வரும், திண்ணையில் இருப்பவர்களுக்கு மட்டும் போகும்.

இதற்குக் காரணம் இடம். ரவுட்டர் உள்ளறையில், இரும்பு பீரோவின் மேல் இருந்தது. திண்ணைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு சுவர்கள். இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும், தடித்த சுவர் விழுங்கும். அங்கேயிருந்து எடுத்து முன்னறை ஜன்னல் மேடையில் வைத்தோம்.

இங்கே ஒரு சின்னப் பாடம் இருக்கிறது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளில் இருந்த கணினிகளை வானொலி அலையால் இணைத்தார்கள். ‘அலோஹா’ என்பது அந்த வலையமைப்பின் பெயர். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் கெட்டுப்போகும். அப்போது ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். 1997-இல் முதல் தரவரையறை கண்ட வைஃபையும் அந்த வழியில் வந்ததுதான். முதலில் கேள், யாரும் பேசவில்லை என்றால் பேசு. நம் வகுப்பறை ஒழுங்கேதான். அதனால் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில், சிக்னல் குறைவாக உள்ள கைபேசி மெதுவாகப் பேசும். அது தன் பேச்சை முடிக்கும் வரை கிட்டே இருப்பவரும் காத்திருக்க வேண்டியதுதான். திண்ணைப் பிள்ளைக்குச் சிக்னல் சரியாகக் கிடைத்தால் உள்ளே இருக்கும் என் மகளுக்கும் வேகம் கூடும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பக்கத்து வீடுகளிலும் வைஃபை இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றுதான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதே அறையில் உள்ளவர்கள் அதற்கு மாறிக்கொள்ளலாம். அது வேகமானது. ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

மூன்றாம் வகை

இதுதான் என்னை அலைக்கழித்தது. விளக்குகள் எல்லாம் சரி. கைபேசியில் வைஃபை கோடுகள் முழுதாக இருக்கும். ஆனால் யாருக்கும் எதுவும் திறக்காது. நேரம் பெரும்பாலும் ஆறு நாற்பது.

இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மடிக்கணினியிலிருந்து முதலில் நம் ரவுட்டருக்கும், அடுத்து வெளியுலகில் உள்ள ஒரு முகவரிக்கும் ‘பிங்’ அனுப்ப வேண்டும். ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, ‘இருக்கிறேன்’ என்று பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங். எங்கள் ரவுட்டரின் முகவரி 192.168.1.1. வெளியே 8.8.8.8 என்று வைத்துக்கொண்டோம். ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். ரவுட்டர் சொல்கிறது, வெளியே சொல்லவில்லை என்றால் கோளாறு அதற்கு அப்பால்.

சாதாரண நேரத்தில் ரவுட்டர் 3 மில்லி நொடியிலும் வெளியுலகம் 40 மில்லி நொடியிலும் பதில் சொல்லின. ஆறு நாற்பதுக்கு ரவுட்டர் அதே 3. வெளியுலகம் 400, 1500, 3000 என்று ஏறி, கடைசியில் பதிலே இல்லை. ஆக, வைஃபை நன்றாக இருக்கிறது, வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது. இணைப்பு கொடுத்தவர்களிடம் சொன்னோம். பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வந்து சோதித்தார். அந்த நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு மகள் ஒரு யோசனை சொன்னாள். “ஒவ்வொரு போனா நிறுத்திப் பார்க்கலாம்மா.” அன்று மாலை நெட் நின்றதும் திண்ணையில் இருந்த நால்வரையும் வைஃபையை அணைக்கச் சொன்னோம். சரியாகவில்லை. மகளின் கைபேசி, சரியாகவில்லை. தொலைக்காட்சி, இல்லை. “இன்னும் என்ன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே மகள் அடுப்படிக்குப் போனாள். அங்கே சார்ஜரில் கிடந்தது என் கைபேசி. அதன் வைஃபையை அணைத்தாள். சில நொடிகளில் பிங் 40-க்கு இறங்கியது.

நடந்தது இதுதான். நாள் முழுதும் பாடம் பதிவு செய்துவிட்டு, மாலை ஆறரைக்கு நான் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சமைக்கப் போவேன். சார்ஜில் இருக்கும்போது வைஃபை வழியாகப் படங்களையும் வீடியோக்களையும் தானாகக் காப்புப் பதிவேற்றம் செய்யும்படி அதில் அமைத்திருந்தது. அந்தப் பையன் வந்து உட்காரும் நேரமும், என் கைபேசி வேலை தொடங்கும் நேரமும் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களுடையது தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பழைய இணைப்பு. இறங்கும் வேகம் நொடிக்கு 8 மெகாபிட். ஏறும் வேகம் 1 மெகாபிட்தான். ஒரு பாட வீடியோ 250 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 2000 மெகாபிட். நொடிக்கு ஒன்று வீதம் 2000 நொடி, ஏறத்தாழ 33 நிமிடம். ஒரு நாளைக்கு நான்கைந்து வீடியோ. மாலை முழுவதும் ஏறும் வழி என் ஒருத்தியின் கையில்!

‘பிள்ளைகள் இறக்கித்தானே பார்க்கிறார்கள், ஏறும் வழி அடைத்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். இறங்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு சின்னப் பதில் மேலே போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த பகுதி வராது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஐந்நூறு மூட்டையோடு ஒருவர் முன்னால் நிற்கிறார். பின்னால் ஒருவர் ரசீதில் ஒரு கையெழுத்து வாங்க மட்டும் வந்திருக்கிறார். வரிசை ஒன்றே என்றால் அவரும் ஐந்நூறு மூட்டைக்கும் காத்திருக்க வேண்டும். திண்ணைப் பிள்ளைகளின் சின்னப் பதில்கள் என் ஐந்நூறு மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தன.

மருந்து எளிது. தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்தி, எல்லோரும் தூங்கிய பிறகு நானே அனுப்பினேன். வீடியோவின் அளவையும் குறைத்துப் பதிவு செய்தேன். சில ரவுட்டர்களில் ஏறும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு. உண்மை வேகத்துக்குச் சற்றுக் குறைவாக வரம்பு வைத்தால் வரிசை இப்படி நீளாது.

காரணம் பையன் இல்லை. அவனுக்காக நான் பதிவு செய்த பாடங்களே அவனைப் பாடம் பார்க்க விடாமல் செய்தன.

மறுநாள் காலை

விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். “அவன் இனிமே வரலன்னு சொல்லிட்டான் டீச்சர். அவங்க அப்பாவோட உப்பளத்துக்குப் போறான்” என்றார் அம்மா. பத்து நாளாகப் போய்க்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். அந்தச் சில நாளில் எத்தனை பிள்ளைகள் வேலையோடு வேலையாக நின்றுவிட்டார்கள் என்பது இங்கே இருக்கும் உங்களுக்குத் தெரியும்.

அவன் திரும்பி வரும்வரை அவர்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் சொன்னேன்: “தம்பி, நெட் நின்னது உன்னால இல்ல. என் போனாலதான். எல்லார் முன்னாடியும் உன்னைச் சொன்னது என் தப்பு. சாயங்காலம் வா, எல்லார் முன்னாடியும் அதையும் சொல்றேன்.”

அவன் கொஞ்ச நேரம் காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: “அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க டீச்சர்?”

மாலை வந்தான். சொன்னபடி நால்வர் முன்னாலும் சொன்னேன். பிறகு நோட்டைக் காட்டினேன். ஐந்து கட்டங்களையும் படித்துவிட்டு, “ஆறாவதா ஒண்ணு போடணும் டீச்சர். அப்ப யார் என்ன செஞ்சுகிட்டிருந்தாங்கன்னு” என்றான். சரிதான். அந்தக் கட்டம் முதலிலேயே இருந்திருந்தால் என் கைபேசி முதல் வாரமே அகப்பட்டிருக்கும். பள்ளி திறந்தபோது அவனும் வந்தான்.

நம் பள்ளிக்கு

இனி, நம் பள்ளியில் என்ன செய்யலாம்? சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் நோட்டு. ஒரு வாரம் குறித்த பிறகே எதையும் மாற்றுங்கள். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் பாருங்கள். புகார் எழுதும்போதும் ‘அடிக்கடி நிற்கிறது’ என்று எழுதாமல் ‘இந்த நேரத்தில், இத்தனை கருவிகள் இருந்தபோது, விளக்கு இப்படி இருந்தபோது’ என்று எழுதினால் வருபவருக்கும் உதவும்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் கம்பியில் இருந்தால் கம்பியிலேயே இருக்கட்டும். இடம் மாறாத கருவிக்கு வைஃபை தேவையில்லை. வீட்டு உபயோகத்துக்கான சின்ன ரவுட்டர் ஒரு வகுப்பு முழுவதையும் சுமக்கச் செய்யப்பட்டதல்ல. அதன் நினைவகம் சிறியது, ஒரே நேரத்தில் எத்தனை தொடர்புகளை நினைவில் வைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. முப்பது பேரையும் ஒரே நொடியில் உள்நுழையச் சொல்லாமல் வரிசை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். திறன்மிகு வகுப்பறையில் காட்டும் வீடியோவை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணினிகளின் தானியங்கிப் புதுப்பித்தலைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வையுங்கள். ஆசிரியர் அறையில் சார்ஜில் கிடக்கும் நம் கைபேசிகளையும் மறக்காமல் பாருங்கள். அங்கே ஐந்நூறு மூட்டை ஏறிக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவும் செய்து பார்த்து, உண்மையிலேயே பிள்ளைகள் அதிகம், வழி சிறிது என்று தெரிந்தால், அப்போது பெரிய இணைப்பும் பெரிய கருவியும் கேளுங்கள். நோட்டு கையில் இருந்தால் அந்தக் கோரிக்கைக்கும் பலம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. நெட் நிற்கும்போது, “யாருடா அது, என்னத்தை அமுக்கின?” என்று நம் வாய் தானாகக் கேட்டுவிடும். பெரும்பாலும் கடைசியாக வந்த பிள்ளையை, பழைய கைபேசி வைத்திருக்கும் பிள்ளையை, எதிர்த்துப் பேசாத பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்போம். அப்படிக் கேட்பதற்கு முன் ரவுட்டரின் விளக்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அந்த நோட்டை இன்று கொண்டுவந்திருக்கிறேன், வேண்டியவர்கள் பார்க்கலாம். முன்பாதி என் கையெழுத்து. ஆறு கட்டம் போட்ட பின்பாதி அவனுடையது.